பதினொரு வீட்டு ஊரை விசாரித்த விபரம்

மோர்டன், லண்டன்.
2025 வைகாசி 14, புதன்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணை தில்லையம்பலம் அவர்களுக்கு,

தம்பி குணரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தவமலரும் காலையில் நான்கு, மாலையில் மூன்று குளிசைகளின் தயவில் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால்களும், தங்கை ரஜனியும், மேற்குப் பக்கத்து மதிலும் சுகமாக இருக்குமென்று நம்புகிறேன். மதில் சரிந்ததாக எழுதியிருந்தீர்கள். வாசித்து நானும் தவமலரும் மிகவும் கவலைப்பட்டோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் ஜதுர்ஷிகா றொபின் என்ற ஆங்கிலேயரை விரும்புகிறாள் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டீர்கள். கோபமாக்கும் என்று நினைத்து இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் கச்சேரியில் நீங்கள் பிரதம லிகிதராக இருந்த காலத்து நீளத் தாளில் ஐந்து கேள்விகள் வந்து சேர்ந்தன. ஊர் எது, எல்லைகள் எவை. தண்ணீர் எப்படி. ஆக்கள் ஆர். கோயில் உண்டா. குடும்பத்தில் தொடர்ந்து வரும் வருத்தம், நோய் ஏதும் உண்டா. அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு, ‘நேரில் சென்று விசாரித்து அறிக்கை தரவும்’ என்றும் இருந்தது. ஆவணியில் கோயிலில் தாலி கட்டு வைக்க நினைக்கிறோம். மாமி முறைக்கு ரஜனி வந்து தன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது பிள்ளையின் ஒரே ஆசை. நீங்கள் ஓமென்று சொல்லாமல் ரஜனி படலை தாண்டமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே அவள் வருவதும் வராததும் இந்த அறிக்கையில்தான் தங்கியிருக்கிறது என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன். பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலாவது கேள்வி. ஊரின் பெயர் ஒட்டர்ஹைத். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. ஹைத் என்றால் பழைய ஆங்கிலத்தில் தோணிகள் ஒதுங்கும் துறை என்று பொருளாம். துறையில் முடியும் ஊர்கள் நமக்கும் குறைவில்லை என்பதால் அதுவரையில் உங்களுக்கு ஆட்சேபம் இராது. ஒட்டர் என்றால் நீர்நாய். ஊர்ப்பெயரில் நாய் வருவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரியும். அந்தப் பிராணி அவ்விடத்தில் கண்ணில் பட்டு வெகுகாலம் என்று விசாரித்து உறுதிசெய்துகொண்டேன். வடக்கு எல்லை ஆறு. கிழக்கு எல்லை பட்டினத்துக்குப் போகும் ஒற்றை றோட்டு. தெற்கே பார்லி வயல். மேற்கே வெள்ளம் வந்தால் முழுவதும் ஆறாகிவிடும் புல்வெளி. வீடுகள் பதினொன்று. ஊரின் நீளம் நடந்து ஒன்பது நிமிடம், ஒரு சப்பாத்தோடு நடந்தால் பதினான்கு நிமிடம். ஏன் ஒரு சப்பாத்து என்பதை முறைப்படி பின்னால் சொல்கிறேன்.

விசாரிக்கும் முறையை நான் மறக்கவில்லை, அண்ணை. மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லாமல் போகவேண்டும், சந்தியில் இறங்கவேண்டும், தேத்தண்ணிக் கடையில் குந்தி, காணி விற்பனைக்கு இருக்கிறதா என்று தொடங்கி, மெல்ல மெல்லக் குடும்பத்துக்கு வரவேண்டும். அப்படியே செய்வது என்று பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கறுத்த கோட்டும் தொப்பியும் போட்டு வெளிக்கிட்டேன். தவமலர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “விசாரிக்கப் போறீங்களோ, களவெடுக்கப் போறீங்களோ?” என்று கேட்டுவிட்டு, புட்டையும் முட்டைப் பொரியலையும் பார்சல் கட்டிக் கையில் தந்தாள். மோர்டனில் நிலக்கீழ் ரயில் ஏறி, வாட்டர்லூவில் மாறி, ஒன்றரை மணித்தியாலம் இருந்து, ஒரு சிறு பட்டினத்தில் இறங்கி, அங்கே பஸ்ஸைத் தேடினால் அது கிழமைக்கு இரண்டு நாள்தான் ஓடுமாம், செவ்வாயும் வெள்ளியும். அன்று செவ்வாய் என்பதைக் கடவுள் கிருபை என்றே எடுத்துக்கொண்டேன். பஸ்காரர் என் ரிக்கெற்றைப் பார்த்துவிட்டு, “அங்கையோ? அங்கை ஒருத்தரும் இறங்கிறேல்லையே!” என்றார். இனி வருகிற ஆங்கிலம் எல்லாவற்றையும் நம்முடைய பேச்சிலேயே தருகிறேன். உங்களுக்கு வாசிக்க வசதியாக இருக்கும்.

இறங்கிப் பார்த்தால் சந்தி இல்லை. றோட்டு வந்து, ஒரு தபால்பெட்டியைக் கண்டு, நின்றுவிடுகிறது. கடையும் இல்லை. ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு இருந்தது, அதற்குள் தொலைபேசி இல்லை, பழைய புத்தகங்கள் அடுக்கியிருந்தன. சந்தியும் கடையும் இல்லாத ஊரை எங்கே நின்று விசாரிப்பது? நம் பெரியவர்கள் இதற்கு ஒரு வழியும் சொல்லி வைக்கவில்லை. ஒரு மனிதரையும் காணவில்லை. சரி, எல்லையை அளந்துகொண்டாவது வருவோம் என்று மேற்குப் புல்வெளிக்குள் கால் வைத்தேன். அங்கேதான் மாடுகள் நின்றன. நம் ஊர் மாடு மனிதரைக் கண்டால் தன்பாட்டில் மேயும். இந்த ஊர் மாடுகளுக்கு வந்தவர் ஆரென்று விடுப்புப் பார்க்கும் குணம் உண்டு. பதினாறு நாம்பன்கள் ஓடிவந்து என்னைச் சுற்றி நின்று, கோட்டையும் தொப்பியையும் புட்டுப் பார்சலையும் மணந்து பார்த்தன. நான் அசையாமல் நின்று எனக்குத் தெரிந்த தேவாரம் இரண்டையும் சொன்னேன். அவை அதையும் ஆறுதலாக நின்று கேட்டன. கடைசியில் பார்சலை ஒரு பக்கம் எறிந்துவிட்டு மற்றப் பக்கம் ஓடினேன். அந்த ஓட்டத்தில் இடது சப்பாத்து சேற்றுக்குள் போயிற்று. குனிந்து எடுக்கலாம் என்று திரும்பினால் மாடுகளும் திரும்பின. விட்டுவிட்டேன்.

இனி நாலாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் நான் ஓடிப்போய் ஏறிய இடம் கோயில்தான். வேதக்கோயில். எண்ணூறு வருடம் பழையது என்று எழுதியிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை, ஆனால் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. உள்ளே ஒருவரும் இல்லை. வாசல் நிலையில் கல்லில் கோடுகள் வெட்டி வருடங்கள் பொறித்திருந்தார்கள். 1894 என் நெஞ்சுக்கு நேரே இருந்தது, 1947 இடுப்புக்கு, 2014 முழங்காலுக்கு. ஆறு கோயிலுக்குள் வந்து போன அடையாளம் அது. சவக்காலையில் கல்லுக் கல்லாக நின்று வாசித்தேன். றொபினின் வம்சப் பெயர் 1740 முதல் அங்கே கிடக்கிறது. ஆணோ பெண்ணோ எண்பதுக்கு முன் போனவர்கள் குறைவு. எண்பத்துநான்கு, தொண்ணூற்றொன்று, எழுபத்தொன்பது, தொண்ணூறு. ஒருவர் மட்டும் முப்பத்திரண்டில், ஆற்றில் தவறியவர். ஆகவே உங்கள் ஐந்தாவது கேள்விக்கு விடை: பரம்பரை வருத்தம் எதுவும் கல்லில் இல்லை. நம் பகுதியில் நீரிழிவு இருப்பதை அவர்கள் விசாரித்தால் என்ன சொல்வதென்று எனக்கு அங்கேயே ஒரு பயம் பிடித்தது.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் இலைக் குப்பையோடு வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும், ஆண்கள் போடும் சேர்ட்டு, தலையில் புல். என்னையும் என் ஒற்றைச் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஏதும் உதவி வேணுமோ?” என்று கேட்டார். நான் காணி விற்பனைக்கு உண்டோ என்று கேட்கவேண்டியவன். சவக்காலைக்குள் நின்று எப்படி அதைக் கேட்பது! “எனக்கு இந்த ஊரின்ரை சரித்திரத்திலை விருப்பம்” என்று சொல்லிவிட்டேன். பெரிய பொய். அந்த மனுசி வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் சரித்திரம் சொன்னார். துறையில் கம்பளி ஏற்றிய காலம், மாவரைக்கும் ஆலை எரிந்த காலம், அக்கரைக்குப் போன தோணி 1931இல் நின்றுபோன காரணம். தோணிக்காரருக்கும் கோயில் குருவுக்கும் கோபமாம், குரு வந்தால் தோணி அக்கரையிலேயே நிற்குமாம். நம் ஊர்க் கதை கேட்பதுபோலவே இருந்தது. நேரம் பார்த்து மெல்ல நூலை விட்டேன். “அந்த ஆத்துக் கதவடி வீட்டிலை இருக்கிற ஆக்கள் எப்பிடி?”

இந்த ஆற்றில் படகுகள் மேலே ஏறவும் கீழே இறங்கவும் தண்ணீரை மறித்துத் திறக்கும் பெரிய மரக்கதவுகள் உண்டு. றொபினின் தகப்பனார் முப்பத்தொரு வருடம் அந்தக் கதவுக்குப் பொறுப்பாக இருந்து காலமானவர். காவல்காரன் என்று குறைவாக நினைக்கவேண்டாம், அரசாங்க உத்தியோகம், வீடும் கொடுத்து, விதவைக்குப் பென்ஷனும் உண்டு. றொபின் ஆற்றுத் தண்ணீர் மட்டத்தை அளக்கும் எஞ்சினியர்.

பெண்மணி கொஞ்சம் யோசித்தார். “அந்த வீடோ? மனுசன் தங்கமான மனுசன், போய்ச் சேந்திட்டார். பெடியன் நல்ல பெடியன், ஆனால் பாத்திரம் கழுவினால் ஒழுங்காக் கழுவத் தெரியாது. தாய்தான் கொஞ்சம்... வாய் ஓயாது. ஆரும் ஆம்பிட்டால் விடமாட்டாள்.” நான் அப்படியே எழுதிக்கொண்டேன். தாய், வாய் ஓயாது. கீழே கோடும் போட்டேன். கோடு போட்டதை அந்த மனுசி எட்டிப் பார்த்தார்.

பிறகு, “காலிலை ஈரம், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்” என்று கூட்டிக்கொண்டு போனார். எந்த வீடு என்று நான் கவனிக்கவில்லை, மாடு வருகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தேன். குசினிக்குள் இருத்தியதும் உங்கள் இரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது. தேத்தண்ணிக்கு முதல் வெறும் தண்ணீர் கேட்டேன். கிளாஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மணந்தேன், வாயில் வைத்து நாக்கில் உருட்டினேன், விழுங்கினேன். மனுசி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். அண்ணை, என்ன சொல்வேன்! அது சுண்ணாம்புத் தண்ணீர். நிலத்துக்குக் கீழே வெண்சுண்ணாம்புக் கல்லாம். கேத்தலைத் திறந்து காட்டினார், உள்ளே வெள்ளைப் பொருக்கு ஒரு விரல் தடிப்பில் பிடித்திருந்தது. அம்மாவின் கேத்தலுக்குள் இருந்த அதே பொருக்கு. சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவிய நேரமெடுக்கும், தேத்தண்ணியில் மேலே ஆடை மாதிரி ஒன்று படியும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குசினியில் குடித்தேன். அறிக்கையில் எழுதுகிறேன்: தண்ணீர் உத்தமம்.

பால் எடுக்க மனுசி குளிர்ப்பெட்டியைத் திறந்தார். கதவு என் பக்கம் திரும்பியது. அதில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முழங்காலுக்கு மேலே வெள்ளம், அதற்குள் றப்பர் பூட்ஸ் போட்டு, ஒரு ஒட்சிசன் சிலிண்டரைப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக நிற்பது என் மகள் ஜதுர்ஷிகா. போன வருடம் தை மாதம் வெள்ளம் வந்தபோது எடுத்தது என்று திகதி போட்டிருந்தது. அந்தக் கிழமை அவள் எங்கே இருந்தாள் என்று எனக்கு நல்ல ஞாபகம். ஸ்ட்ரெதத்தில் தன் சிநேகிதி அஜித்தாவின் வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நானும் தவமலரும் வாழைப்பழமும் பலகாரமும் கட்டிக் கொடுத்து அனுப்பிய கிழமை அது.

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஒற்றைச் சப்பாத்தோடு எழும்பியதில் ஒரு பக்கம் சரிந்து மேசையைப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. மனுசி பால் போத்தலோடு திரும்பி, “என்ரை பேர் ஹிலறி. றொபினின்ரை தாய். வாய் ஓயாதவள்” என்றார். “உங்களுக்கு என்னைத் தெரியுமோ?” என்றேன். “சவக்காலை மதிலடியிலேயே தெரியும். ஜது படம் காட்டினவள். உங்கடை பகுதியிலை இப்பிடி ஒருத்தர் ஒளிச்சு வந்து பாப்பினம் எண்டும் சொன்னவள். நான் மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஏன் இன்னும் வரேல்லை எண்டு.” “அப்ப ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன். “இவ்வளவு தூரம் எங்களைப் பாக்க எண்டு வந்திருக்கிறியள். வடிவாப் பாக்க விடோணும் தானே?” என்றார். நான் தண்ணீரின் மிச்சத்தையும் குடித்தேன்.

இப்போது மூன்றாவது கேள்வி, அண்ணை. ‘ஆக்கள் ஆர்?’ அந்தக் கேள்வியால் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதை எப்படிக் கேட்பதென்று நான் ரயிலில் முழு வழியும் யோசித்தேன். கேட்க ஒரு வழி அகப்பட்டது, ஆனால் அந்த மனுசியின் முகத்துக்கு நேரே அது வாயால் வரவில்லை. அவர் தானாகவே ஒரு கொப்பியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். வெள்ளக் கொப்பி என்று அதற்குப் பெயர். பதினொரு வீட்டுக்கும் பதினொரு பக்கம். எந்த வீட்டில் யாருக்கு நடக்க ஏலாது, யாருக்கு என்ன மருந்து, எந்தப் பூனை கடிக்கும், தண்ணீர் இரண்டாவது படிக்கு ஏறினால் யார் யாரைத் தூக்குவது, யார் வீட்டில் எல்லோருக்கும் சமைப்பது. தகப்பன் தொடங்கியதை இப்போது ஹிலறி எழுதுகிறார். ஏழாம் இலக்க வீட்டுப் பக்கத்தில், ஒட்சிசனில் இருக்கும் கிழவரைத் தூக்கவேண்டியவர் பெயர் றொபின் என்றும், சிலிண்டர் தூக்கவேண்டியவர் பெயர் ஜது என்றும் எழுதியிருந்தது. வரிக்கு மேலே பிறகு செருகியதாகவும் இல்லை, அடைப்புக்குறிக்குள்ளும் இல்லை. மற்றவர்களைப் போலவே எழுதியிருந்தது. ஆக்கள் ஆர் என்றால், அந்தக் கொப்பியில் பெயருள்ளவர்கள்தான் அந்த ஊர் ஆக்கள். எங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறது. இதற்கு மேல் விபரம் வேண்டுமென்றால் வேறு ஒருவரை அனுப்பி விசாரித்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவும். அந்தக் கடைசி வசனத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டிருக்கிறேன்.

பிறகு ஹிலறி என்னைக் கேட்டார். “உங்கடை பகுதியிலை இப்பிடிப் போய்ப் பாக்கிற வேலை ஆருக்கு?” வீட்டில் இளைய ஆண்பிள்ளைக்கு என்றேன். “அப்ப நீங்கள் முந்தியும் போயிருக்கிறியளோ?” என்றார். ஒரு முறை என்றேன். “அது எப்பிடி முடிஞ்சுது?” என்றார். அண்ணை, நாற்பத்தொரு வருடமாக நான் தவமலருக்கும் சொல்லாததை அந்த வெள்ளைக்கார மனுசிக்கு, அவர் வீட்டுத் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன். அந்நியருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

1984இல் ரஜனிக்குத் தீவுப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாத்தியாரின் சம்பந்தம் வந்தது. நீங்கள் என்னை விசாரிக்க அனுப்பினீர்கள். நான் அனுப்பிய அறிக்கை நாலு வரி. ‘ஊர் பார்த்தேன். தண்ணீர் உவர். ஆக்களும் சரியில்லை. பெண் கொடுக்க ஏலாது.’ அது உங்கள் பச்சை ஃபைலில் இப்போதும் இருக்கும். நான் அந்த ஊருக்குப் போகவில்லை, அண்ணை. இறங்குதுறை வரைக்கும்தான் போனேன். வள்ளம் வரப் பிந்தியது, வெயில், பின்னேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு படம் பார்க்க சிநேகிதர்களோடு சொல்லி வைத்திருந்தேன். துறையடித் தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவரிடம், அந்த ஊர் எப்படி என்று கேட்டேன். “உப்புத் தண்ணி, ஆக்களும் அப்பிடித்தான்” என்றார். அவர் எந்த ஊர், அவருக்கு அந்த ஊரோடு என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு படத்துக்குப் போனேன். வீட்டுக்கு வந்தபோது ரஜனி கிணற்றடியில் நின்றவள், “ஊரைப் பாத்தனீங்களோ, சின்னண்ணை?” என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓமென்றேன்.

நீங்கள் என் சொல்லை நம்பி மறுத்தீர்கள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. நான் அடுத்த வருடம் லண்டனுக்கு வந்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் வெம்பிளியில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் முன்னால் நின்றவரோடு கதை கொடுத்தேன், அதே ஊர். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எங்கடை ஊர்க் கிணத்துக்கு மூண்டு ஊர்ச் சனம் குடத்தோடை வரும்” என்றார். அந்த வாத்தியாரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு இடத்தில் கலியாணம் முடித்து, மூன்று பிள்ளைகள், அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார், ஒருவரையும் கை நீட்டி அடித்தறியாத வாத்தியார் என்றார். நான் வாங்க வந்த முருங்கைக்காயை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த ஒரு ஊரைப் பற்றி நான் இத்தனை பக்கம் எழுதுவதற்கும், எல்லையை அளக்கப் போய் மாட்டிடம் மாட்டியதற்கும், தண்ணீரை நாக்கில் உருட்டியதற்கும் காரணம் அதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணை. இதை ரஜனிக்குச் சொல்வதோ விடுவதோ உங்கள் பொறுப்பு. எனக்குத் தைரியம் இல்லை.

ஹிலறி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதிசயமாக, ஒன்றும் பேசவில்லை. எழும்பி உள்ளே போய்க் கணவரின் றப்பர் பூட்ஸ் ஒரு சோடி கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். இரண்டு அளவு பெரிது. அதற்குள் பஸ் போய்விட்டது, அடுத்தது வெள்ளிக்கிழமை. பக்கத்துப் பட்டினத்தில் வேலையில் நின்ற றொபின் காரோடு வந்து என்னை மோர்டன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். யாரை விசாரிக்கப் போனேனோ அவரே என்னை ஏற்றி இறக்கும்படி ஆயிற்று. வழியில் மழையைப் பற்றி மட்டும் கதைத்தார். வீட்டு வாசலில்தான், பிள்ளை சொல்லிக் கொடுத்த தமிழில், “மாமா, அறிக்கை நல்லதோ?” என்று கேட்டார். முகம் சிவந்திருந்தது. முப்பத்துமூன்று வயது மனிதர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார். எழுதவேண்டும் என்று மட்டும் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஆகவே, ஐந்து கேள்விக்கும் நேரில் சென்று விசாரித்த வகையில், ஊர் நல்ல ஊர், தண்ணீர் நல்ல தண்ணீர், கோயில் உண்டு, ஆயுள் கெட்டி, ஆக்கள் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். குறை என்று பார்த்தால் வெள்ளம், மாடு, சந்தி இல்லாமை. தாங்கள் மூத்தவராக இருந்து சம்மதம் தந்து, ரஜனியை ஆவணிக்கு அனுப்பிவைக்கவேண்டும் என்று காலைத் தொட்டுக் கேட்கிறேன். முழங்கால் நோவாமல் தொட்டதாக எடுத்துக்கொள்ளவும். தவமலரும் பிள்ளையும் உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டுகிறார்கள். ஹிலறியும் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். அவர் சொன்ன நீளத்துக்கு எழுதினால் தாள் காணாது. மதிலை மழைக்கு முன் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்புத் தம்பி,
குணரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பிந்தியதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜதுர்ஷிகாவுக்கும் றொபினுக்கும் சித்திரை 26ஆம் திகதி, சனிக்கிழமை, இங்கே பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து முடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்து ஹிலறியும் நானும். ஆகவே மேலே சம்மதம் கேட்ட இடங்களை நீங்கள் வாசிக்காமல் விடலாம். எழுத்து அன்று எனக்கு வேறு சப்பாத்து இருந்தும் அந்தப் பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

இன்னொன்று. நேற்று ரஜனியோடு தொலைபேசியில் கதைத்தேன். அண்ணைக்கு றொபினின் ஊர் விபரம் எழுதுகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். பழைய கதை ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவள், “இந்த முறையாவது ஊருக்குள்ளை போனனீங்களோ, சின்னண்ணை?” என்று கேட்டாள்.

ஓமென்றேன்.

“அப்ப நான் வாறன். பெரியண்ணையிட்டை நானே சொல்லுறன்” என்றாள்.